கரி மூட்டைமேல் யாரும் உட்காரக் கூடாது

போன வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறினேன். உள்ளே, டிரைவர் தலைக்குப் பின்னால், புதிதாக ஒரு தகரப் பலகை தொங்கியது. வெள்ளைப் பெயிண்டில் எழுதியது. எழுத்துகள் கொஞ்சம் சாய்ந்திருந்தன. விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது.

'கரி மூட்டையின்மேல் யாரும் உட்காரக் கூடாது.'

என் பக்கத்தில் இருந்தவர் சென்னைக்காரர். ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர். பலகையைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் சார், எச்சில் துப்பாதேன்னு எழுதுவாங்க. படியிலே நிக்காதேன்னு எழுதுவாங்க. கரி மூட்டைமேல உட்காராதேன்னு எழுதணுமா? வேலை மெனக்கெட்டு எவன் போய் அதுமேல உட்காருவான்?"

நியாயமான கேள்வி. நான் அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். விக்கிரவாண்டி வரும்வரை அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. திண்டிவனத்தில் இறங்கும்போது, "இதை எழுதுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எழுதுகிறேன். பத்திரிகை ஆசிரியர் இந்த வாரம் தமாஷாக ஏதாவது வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இதில் தமாஷ் இருக்கிறது — ஆனால் அதற்கு நான் பொறுப்பில்லை.

சண்டை வந்து, பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபிறகு, எங்கள் பக்கத்து பஸ்களெல்லாம் கரியில் ஓடுகின்றன. பார்த்திருப்பீர்கள். பஸ்ஸின் முதுகில் ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. அதற்குள் அடுப்புக்கரி கனன்றுகொண்டே இருக்கும். அதிலிருந்து வருகிற வாயுவில் எஞ்சின் ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. புறப்படுவதற்கு முன் கிளீனர் ஒரு கைப்பிடியைப் பிடித்துச் சுற்று சுற்று என்று சுற்றிக் காற்று ஊத வேண்டும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்க வேண்டும். பாதி வழியில் மறுபடியும் கரி போட வேண்டும். நெருப்பு அணைந்தால்... தலைவிதி.

ஆண்டவன் புண்ணியத்தில் ரயில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் ராணுவ ஸ்பெஷல் வந்தால் நம் பாசஞ்சரை ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஓரமாக நிறுத்திவிட்டு மறந்துபோகிறார்கள். குறித்த நேரத்தில் போய்ச் சேர நினைக்கிறவன் கரி பஸ்ஸைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. எப்படிப்பட்ட காலம் பாருங்கள்.

விஷயம் நடந்தது பள்ளிக்கூடங்கள் திறந்த வாரத்தில். திண்டிவனத்தில் இருக்கும் என் தங்கையைப் பார்க்கப் புறப்பட்டேன். பஸ்ஸில் கூட்டம். எனக்கு இடப்பக்கத்தில் ஜன்னலோரமாக ஓர் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு மல்லாட்டை வியாபாரி; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மடியில் ஒரு பை மல்லாட்டையை வைத்து உரித்துத் தின்றுகொண்டே வந்தார். எனக்கும் கொடுத்தார்.

எங்களுக்கு நேர் எதிரே, வலப்பக்கத்துப் பெஞ்சில், ஒரு பெரிய மனிதர். சலவை வேஷ்டி, ஜரிகைத் துண்டு, வாயில் வெற்றிலை. அவர் பக்கத்தில், ஜன்னலோரத்தில், ஒரு பலாப்பழம்.

பண்ணுருட்டிப் பழம். தலையணை அளவு. அதற்கு அடியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் துணிப்பையை அண்டக்கொடுத்து, ஒரு மாப்பிள்ளையை உட்கார வைப்பது மாதிரி வைத்திருந்தார். திண்டிவனத்தில் ஓர் ஆபீசர் வீட்டம்மாளுக்குப் பலாப்பழம் என்றால் உயிராம். இவருக்கு அந்த ஆபீசரிடம் ஒரு காரியம் ஆக வேண்டுமாம். ஆபீசர் பத்து மணிக்கெல்லாம் காம்ப் என்று வெளியூர் கிளம்பிவிடுவாராம். இதையெல்லாம் நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

சென்னைப் பட்டணத்தைப் பற்றியும் சொன்னார். மாதம் ஒரு தரம் போவாராம். "டிராம்ல ஏறிப் பாத்திருக்கீங்களா? அடேயப்பா. நிக்கக்கூட எடம் கிடையாது. ஒருத்தன்மேல ஒருத்தன் சாஞ்சிக்கினுதான் போவணும். எவன் எவன்னு பாக்க முடியுதா? பட்டணம்னா அதான். எல்லாரும் சமம்" என்றார், ஒரு பெருமையோடு.

இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் புறப்படுகிற சமயத்தில் இரண்டு பேர் ஏறினார்கள். ஓர் அம்மாள். அவர் பெண். பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சேலை, கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல். கையில் குடை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. அம்மாளின் சேலை என்ன நிறத்தில் வாங்கியது என்று அந்தச் சேலைக்கே மறந்துபோயிருக்கும். கையில் ஒரு தூக்குப் பாத்திரம். வெயிலிலேயே வெந்த உடம்பு. எந்தத் தெருவிலிருந்து வருகிறவர்கள் என்று பார்த்த மாத்திரத்தில் பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. நம் ஊர்களில் இந்தக் கணக்கு மட்டும் எல்லாருக்கும் வரும்.

கண்டக்டர் சிங்காரம் டிக்கெட் கொடுத்தார். கொடுக்காமல் இருக்க முடியாது. காசு கொடுத்தவர் யாராக இருந்தாலும் பஸ்ஸில் ஏற்ற வேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு. மீறினால் லைசென்ஸ் போய்விடும். இரண்டு பேருக்கும் முழு டிக்கெட். காசை எண்ணி வாங்கிப் பையில் போட்டார்.

அந்தப் பெண் பலாப்பழம் இருந்த இடத்தைப் பார்த்தது. பஸ்ஸில் காலியாக இருந்தது — காலி என்று சொல்லலாமா? — அது ஒன்றுதான்.

"அங்க இன்னா பாக்கற? அது வேற ஆளு சீட்டு" என்றார் சிங்காரம்.

"எந்த ஆளுங்க? பழந்தான இருக்குது?" என்று கேட்டார் அம்மாள்.

"பழத்துக்கும் சார்ஜ் வாங்கியிருக்கேன். நீ பேசாத. ரெண்டு பேரும் அந்த மூட்டைமேல ஒக்காருங்க. மெத்து மெத்துன்னு இருக்கும்."

அவர் காட்டியது, கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் இருந்த கரி மூட்டையை.

கூரைமேல் வைத்தால் மழையில் நனைகிறது, ஸ்டாண்டில் திருடு போகிறது என்று கரியை உள்ளேதான் வைப்பார்கள். அன்றைக்கு ஒரே மூட்டை. கரிக்கும் பஞ்சம்.

"பொண்ணு வேலைக்குப் போவுதுங்க. டீச்சர் வேலை. வெள்ளச் சேல கட்டிக்கினு இருக்குது..."

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? ஏத்திக்கோன்னு ரூல் இருக்குது, ஏத்திக்கினேன். எங்க ஒக்கார வெக்கணும்னு ரூல் கெடையாது. உன் எடம் அதான். எறங்கற வரிக்கும் அந்த எடத்த உட்டு எந்திரிக்கக் கூடாது. நடுவுல வந்து யார் மேலயாச்சும் பட்டுக்கினு நின்ன... அப்புறம் தெரியும்."

பலாப்பழக்காரர் ஜன்னல் வழியாக வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, கண்டக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சபாஷ் என்று அர்த்தம்.

அம்மாள் தூக்குப் பாத்திரத்தை இடுக்கிக்கொண்டார். போய்க் கரி மூட்டைமேல் உட்கார்ந்தார். பெண் மட்டும் உட்காரவில்லை. மூட்டைக்குப் பக்கத்தில், யார்மேலும் படாமல், குடையை ஊன்றிக்கொண்டு நின்றது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அம்மாள் கையை நீட்டுவார். சேலையில் பட்டுவிடும் என்று கையை இழுத்துக்கொள்வார். கை ஏற்கெனவே கறுத்துப்போயிருந்தது.

விக்கிரவாண்டி தாண்டி கொஞ்ச தூரத்தில் ஒரு புளியமரம். வழக்கமாக அங்கேதான் கரி போடுவார்கள். பஸ் நின்றது. டிரைவர் காதர் பாய் பீடி பற்ற வைத்தார். கிளீனர் பின்பக்கக் கதவைத் திறந்து, மூட்டையை இழுக்க வந்தார்.

"எந்திரிம்மா, கரி போடணும்."

"எந்திரிக்க மாட்டேங்க."

கிளீனருக்குப் புரியவில்லை. "கரி எடுக்கணும்மா. வண்டி ஓட வேணாமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இது என் எடம். எறங்கற வரிக்கும் எந்திரிக்கக் கூடாதுன்னு அவுருதான் சொன்னாரு." கண்டக்டரைக் கையால் காட்டினார். குரல் உயரவில்லை. சந்தையில் கேப்பை விலை கேட்கிற குரல்.

பஸ்ஸில் இரண்டொருவர் சிரித்தார்கள். மல்லாட்டை வியாபாரி உரிப்பதை நிறுத்தினார்.

சிங்காரம் வந்தார். "இன்னா, வெளையாடறியா? எந்திரி ஜல்தியா. நேரமாவுது."

"டிக்கெட் வாங்கினேன். எடம் கேட்டேன். இதான் உன் எடம்னீங்க. இப்ப என் எடத்த எடுத்து அடுப்புல போடறேன்னா நான் எங்க ஒக்கார்றது? எனக்கு வேணாம். நான் நின்னுக்கினு வர்றேன். என் பொண்ணு ஒக்காரணும். அது ஒக்காந்தா நான் எந்திரிக்கறேன்."

அவ்வளவுதான் விஷயம். ஒரு பெண் உட்கார வேண்டும். பஸ்ஸில் ஓர் இடம் இருக்கிறது. அதில் ஒரு பலாப்பழம் இருக்கிறது. இதைவிடச் சுலபமான கணக்கு உண்டா?

ஆனால் யாரும் அந்தக் கணக்கைப் போடவில்லை. சிங்காரம் கத்த ஆரம்பித்தார். போலீஸில் ஒப்படைப்பேன் என்றார். "உன் பேரு இன்னா?" என்று உறுமினார்.

"சவரியம்மா. பனமலப் பக்கம். போலீஸ்ல சொல்லுங்க. டிக்கெட் இருக்குது, நானும் காட்டறேன்."

டிக்கெட்டை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இரண்டு டிக்கெட்.

சிங்காரத்துக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. அந்த அம்மாளின் தோளைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

ஏன் நின்றது? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் தெரியும். தொட்டால் தீட்டு. திண்டிவனம் போய்க் குளிக்கிறவரை யாரையும் தொட முடியாது, டிக்கெட் கிழிக்க முடியாது. பையில் இருக்கும் காசு மட்டும் எப்படியோ தீட்டுப் படாது.

"டேய், நீ இழுடா" என்றார் கிளீனரிடம்.

"நான் இன்னாத்துக்கு? நீதான ஒக்கார வெச்ச. நீயே இழு."

"பாய், நீங்களாச்சும்..."

காதர் பாய் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "பொம்பள மேல கை வெக்கறதெல்லாம் நம்மாண்ட ஆவாது. ஆனா ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. நெருப்பு மங்கிக்கினு வருது. அணைஞ்சிதுன்னா மொதல்லேர்ந்து மூட்டணும். பெரிய பேஜாரு."

எனக்கு அப்போதுதான் இதன் ருசி தெரிந்தது. பக்கத்தில் உட்காரக் கூடாது, மேலே படக் கூடாது என்று எந்த வழக்கத்தைக் காட்டி அவரைக் கரி மூட்டைமேல் ஏற்றினார்களோ, அதே வழக்கம் இப்போது அவரை அங்கிருந்து யாரும் அசைக்க முடியாமல் காவல் காத்தது. ராஜாவுக்குக்கூட இப்படி ஒரு சிம்மாசனம் கிடைக்காது. சுற்றி இருபது பேர், ஒருவர் கையும் கிட்டே வராது.

நானும் சும்மா இருக்கவில்லை. எழுந்தேன். "அம்மா, உங்க பொண்ணு என் இடத்திலே உட்காரட்டும். நான் நிக்கிறேன்" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே ரொம்ப இனிமையாகக் கேட்டது.

சவரியம்மா என்னைப் பார்த்தார். "வேணாங்க சாமி. அது உங்க எடம். காசு குடுத்து ஒக்காந்திருக்கீங்க. உங்கள எழுப்பிட்டு ஒக்காந்தா அது தர்மமுங்க. நாங்க தர்மத்துக்கு வரல. நாங்களும் காசுதான் குடுத்தோம். எங்க எடம் எங்கன்னு கேக்கறேன்."

உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய? மல்லாட்டை வியாபாரி எனக்கு ஒரு கை மல்லாட்டை கொடுத்தார். ஆறுதலுக்கு.

இதற்குள் அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. குனிந்து அம்மாவிடம் மெதுவாகப் பேசியது. மெதுவாகத்தான் பேசியது, ஆனால் நின்றுபோன பஸ்ஸில் எல்லாம் கேட்கும்.

"அம்மா, எந்திரிம்மா. பத்து மணிக்கு மிஷன் ஸ்கூல் மதர் வரச் சொல்லியிருக்காங்க. அந்த வேலைக்கு இன்னொரு ஆளும் காத்துக்கினு இருக்குதாம். நான் லேட்டா போனா அவங்களுக்குக் குடுத்துடுவாங்க. இதுக்காகவா ரெண்டு வருஷம் டிரெயினிங் படிச்சேன்? நான் நின்னுக்கினே வர்றேம்மா. எனக்குக் கால் வலிக்கல."

நான் சவரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் இருந்த பயத்தை அப்போதுதான் பார்த்தேன். அவருக்கும் மணி தெரியும். நெருப்பு அணைந்துகொண்டிருக்கிறது என்பதும் தெரியும். மகள் படித்து வாங்கிய வேலை, அவர் உட்கார்ந்திருக்கிற மூட்டைக்கு அடியில் நசுங்கிக்கொண்டிருந்தது. எழுந்தால் பஸ் போகும். வேலை கிடைக்கும்.

"எனக்கும் தெரியும் மேரி" என்றார். "இங்க நின்னுக்கினே போயி நீ வேலைல சேந்தன்னு வையி. அங்கயும் ஒன்ன நிக்கத்தான் வெப்பாங்க. டீச்சருக்கு நாற்காலி போடுவாங்களே, அது ஒனக்கு மட்டும் இருக்காது. நான் களத்துல நின்னேன், வரப்புல நின்னேன், வாசல்ல நின்னேன். போதும். நீ ஒக்காந்துக்கினுதான் போவணும்."

  

பிறகு அவர் முதல் தடவையாகப் பலாப்பழக்காரரைப் பார்த்துப் பேசினார். "பழத்த மடிமேல வெச்சிக்கினு வரலாமே, சாமி."

"நசுங்கிப்போவும். அது சாதாரணப் பழம் இல்ல" என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டே.

"என் பொண்ணும் சாதாரணப் பொண்ணு இல்லீங்க" என்றார் சவரியம்மா.

காதர் பாய் பின்பக்கம் போய் உருளையைத் தொட்டுப் பார்த்தார். "ஆறிக்கினு வருது" என்று குரல் கொடுத்தார். மல்லாட்டை வியாபாரி பலாப்பழக்காரரைப் பார்த்து, "இன்னாங்க, உங்க ஆபீசர் பத்து மணிக்குக் காம்ப் போயிடுவாருன்னீங்களே?" என்றார், அக்கறையாக.

அந்தக் கேள்வி வேலை செய்தது. அதுவரை அவருக்கு இது அடுத்தவர் சண்டை. இப்போது அவர் ஆபீசர், அவர் காரியம். இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். வெற்றிலையை அவசரமாக மென்றார். கண்டக்டரைப் பார்த்தார், கண்டக்டர் தரையைப் பார்த்தார். பிறகு பெருமூச்சுவிட்டுப் பழத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

ஜன்னலோர இடம் காலியானது.

அவர் மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எப்படி உட்காருவார்? பக்கத்தில் அந்தப் பெண் அல்லவா உட்காரப் போகிறது? எழுந்தார். முன்னால் இடமில்லை. பக்கவாட்டில் இடமில்லை. முள் முள்ளாக அந்தப் பழத்தைக் கட்டிக்கொண்டு நடந்து போய், கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால், கரி மூட்டைக்குப் பக்கத்தில், இத்தனை நேரம் மேரி நின்றுகொண்டிருந்த அதே இடத்தில் நின்றார்.

ஓர் இடம் கேட்டார் சவரியம்மா. பெரிய மனிதரின் கௌரவம் இரண்டு இடம் கொடுத்துவிட்டது.

மேரி ஜன்னலோரத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்ததை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் சவரியம்மா எழுந்தார். "இப்ப எடுத்துக்கப்பா" என்று கிளீனரிடம் சொன்னார். நிற்கப் போனவரை மல்லாட்டை வியாபாரி விடவில்லை. "பொண்ணு பக்கத்துல ஒக்காரும்மா. அவுரு இனிமே அங்க வரமாட்டாரு." சவரியம்மா பலாப்பழத்துக்குப் போட்டிருந்த சாக்கைத் தனக்குப் போட்டுக்கொண்டு, மகள் சேலை தன்மேல் படாமல் ஒதுங்கி உட்கார்ந்தார்.

கதை இங்கே முடியவில்லை. நெருப்பு அணைந்திருந்தது.

மூட்டினோம். கிளீனர் சுற்றினார். சிங்காரம் சுற்றினார். நான் சுற்றினேன், என் தோள்பட்டை இன்னும் அதை மறக்கவில்லை. கரி பிடித்தது. எஞ்சின் பிடிக்கவில்லை. தள்ளினால்தான் கிளம்பும் என்றார் காதர் பாய். இது கரி பஸ்ஸில் வழக்கம்தான். அத்தனை பேரும் இறங்கினோம்.

இரண்டு பேர் மட்டும் இறங்கவில்லை.

"தள்ளணும், எறங்குங்க" என்று சிங்காரம் ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னார். இந்தத் தடவை குரலில் அதட்டல் இல்லை. கெஞ்சல்கூட எட்டிப் பார்த்தது.

"எறங்கற ஊர் வரிக்கும் எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களேங்க" என்றார் சவரியம்மா.

தள்ளினோம். ஜரிகைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, ஒரு கையில் பழத்தை இடுக்கியபடி, மறுகையால் பலாப்பழக்காரரும் தள்ளினார். பழத்தைக் கீழே வைத்தால் பஸ் கிளம்பும்போது விட்டுப்போய்விடும் என்று பயம். ஆண்கள் இத்தனை பேர் மூச்சு வாங்கத் தள்ள, உள்ளே இரண்டு பெண்கள் மட்டும் நேராக உட்கார்ந்திருந்தார்கள். பனமலைப் பக்கத்துச் சவரியம்மா தன் ஆயுளில் முதல் தடவையாகப் பஸ்ஸில் உட்கார்ந்து போனார்; அந்த பஸ்ஸை அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். எனக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் சிரித்தேன்.

சென்னை டிராமில் ஒருவன்மேல் ஒருவன் சாய்ந்துகொண்டு போகலாம். அங்கே எவன் எவன் என்று தெரியாது. தெரியாதபோது சமமாக இருப்பதில் என்ன பெருமை? தெரிந்தபிறகு பக்கத்தில் உட்காருவதல்லவா கஷ்டம்? பட்டணத்துப் பெருந்தன்மை முழுக்கச் செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கம் வருவதற்குள் ரயிலிலிருந்து எங்கேயோ இறங்கிவிடுகிறது. பலாப்பழக்காரரை மட்டும் சொல்லவில்லை. நம் எல்லோரையும்தான்.

திண்டிவனம் போய்ச் சேரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. பஸ் நின்றதும் நிற்காததுமாக மேரி இறங்கியது. ஒரு நிமிஷம் அம்மாவை விட்டுவிட்டுப் போவதா வேண்டாமா என்று தயங்கியது. "நிக்காத, ஓடு" என்று சொல்லி, சவரியம்மா மகளின் முதுகில் கையை வைத்துத் தள்ளினார்.

தள்ளியபிறகுதான் கையைப் பார்த்தார். வெள்ளைச் சேலையில், தோளுக்குக் கீழே, ஐந்து விரலும் பதிந்த ஒரு கறுப்புக் கை.

கூப்பிட வாயெடுத்தார். பெண் அதற்குள் தெரு முனையைத் தாண்டிவிட்டது. வழியெல்லாம் காப்பாற்றிக்கொண்டு வந்த சேலை. சவரியம்மா அங்கேயே, பஸ் ஸ்டாண்டு நடுவில், கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று காலையில் அவர் கண் கலங்கியதை அப்போது மட்டும்தான் பார்த்தேன்.

தங்கை வீட்டுக்குப் போனேன். தலை முதல் கால் வரை கரி. கதையைச் சொன்னதும் தங்கை முகம் ஒரு மாதிரி ஆனது. "அண்ணா, கிணத்தடியிலே குளிச்சுட்டு உள்ளே வந்துடேன்" என்றாள். குளித்தேன். கரிக்காகத்தான் குளிக்கிறேன், வேறு எதற்கும் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் குளித்தேன்.

ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. வேலை கிடைத்ததா, போயிற்றா? சவரியம்மா பிடித்த பிடி சரியா, தப்பா? பிடிவாதத்தில் ஜெயித்து வேலையைத் தோற்றிருந்தால், நாளைக்கு அந்தப் பெண் அம்மாவை என்ன சொல்லும்?

தங்கை மகள் அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். சாயங்காலம் அவள் வருகிறவரை நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். வந்ததும் வராததுமாகக் கேட்டேன்.

"புது டீச்சர் யாராவது வந்தாங்களா?"

"வந்தாங்க மாமா. லேட்டா வந்தாங்க. மேரி டீச்சர். எங்க கிளாஸ்தான்."

"மதர் திட்டலையா?"

"ஏன் லேட்டுன்னு எங்க எதிர்லயே கேட்டாங்க. பஸ்ஸிலே உட்கார இடம் கிடைக்க நேரமாயிடுச்சுன்னு டீச்சர் சொன்னாங்க. மதர் சரின்னு தலையை ஆட்டினாங்க. அப்புறம் போய்ட்டாங்க."

"நாற்காலி? நாற்காலியிலே உட்கார்ந்தாங்களா?"

என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "டீச்சர்னா நாற்காலியிலேதானே உட்காருவாங்க, மாமா?" என்றாள். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவளாக, "அவங்க முதுகிலே கறுப்பா கை மாதிரி இருந்துது. துடைச்சுவிடட்டுமா டீச்சர்னு கேட்டேன். வேண்டாம், அது எங்கம்மா கைன்னாங்க" என்றாள்.

நான் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். கரி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலாப்பழம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சூடான இரும்பு உருளைக்குப் பக்கத்தில் அத்தனை தூரம் நின்றதில் பழம் நன்றாகப் பழுத்துவிட்டது. வாசனை ஸ்டாண்டு முழுக்க அடித்தது. ஆபீசர் காம்ப் போய்விட்டாராம்.

இப்போது பலகைக் கதைக்கு வருவோம். பஸ் முதலாளியின் காதுக்கு விஷயம் எட்டியிருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன், நான் மறுபடியும் அதே பஸ்ஸில் போக வேண்டும். அவர் யோசித்திருக்கிறார். டிக்கெட் வாங்கினவர் எல்லாருக்கும் சமமாக இடம் கொடு என்று கண்டக்டருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தகரம் வாங்கி, பெயிண்ட் வாங்கி, கரி மூட்டையின்மேல் யாரும் உட்காரக் கூடாது என்று எழுதி மாட்டிவிட்டார். நம் ஜனங்களுக்குத் தப்பு எங்கே நடந்தது என்பது தெரியும். போர்டை மட்டும் வேறு இடத்தில் மாட்டுவார்கள்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பலகையை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டேன். எழுத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரிக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. தங்கை மகளிடம் சொல்லி, மேரி டீச்சர் வகுப்பிலிருந்து ஒரு சாக்பீஸ் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை ஏறும்போது எழுதத்தான் போகிறேன், சிங்காரம் என்ன சொன்னாலும் சரி —

'சீட்டின்மேல் பலாப்பழம் உட்காரக் கூடாது.'